பெரார்கஞ்சுக்கு மாதிரி விடை கிடையாது

திங்கள், விடியற்காலை. சென்னை விமான நிலையத்தில் என் பெட்டி பதினாறு கிலோ காட்டியது. துணிமணி அதில் கால்வாசிகூட இல்லை. மிச்சமெல்லாம் 'நாற்பது மாதிரி விடைகள்' என்று எங்கள் பயிற்சி நிறுவனம் அச்சடித்த கட்டுகள். வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸ்கள் ஓர் ஆங்கிலத் திறன் தேர்வில் தேற வேண்டும். அதற்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர்களைத் தயார்செய்வது என் பிழைப்பு. மனப்பாடம் செய்த விடையைத் தேர்வாளர் இரண்டு வாக்கியத்தில் கண்டுபிடித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார் என்று தலைமையகக் கூட்டத்தில் எழுந்து சண்டை போட்டவள் நான். தோற்றும் போனேன். தோற்றவள் தலையிலேயே மூட்டையை ஏற்றி அந்தமானுக்கு அனுப்பிவைத்தார்கள்.

விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கடலைத் தாண்டியது. டிக்கெட்டில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். வெளியே வந்தால் ஆட்டோக்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். ஜங்லிகாட்டுக்கு நூற்றிருபது ரூபாய் என்று இந்தியில் சொன்னார் ஒருவர். கொள்ளை என்று நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு அவரும் தமிழுக்கு மாறினார். அதற்காக விலையைக் குறைக்கவில்லை.

ஜங்லிகாட்டில் தெரு குறுகல், ஸ்கூட்டர் அதிகம். மீன் இறங்கும் துறையிலிருந்து வரும் வாடை மாடிவரை ஏறுகிறது. படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறைக்கு மேல்தளத்தில் பயிற்சிக் கூடம். கட்டட ஒப்பந்தக்காரரான முருகேசன்தான் எங்கள் நிறுவனத்தின் பெயரில் இங்கே வகுப்பு நடத்த உரிமை வாங்கியிருந்தார். இதுவரை இந்தத் தீவு நர்ஸ்கள் சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு, சென்னையில் விடுதி எடுத்து இரண்டு மாதம் படித்தார்களாம். ஜங்லிகாட்டில் ஒன்று, பெரார்கஞ்சில் ஒன்று என இரண்டு வகுப்பு தொடங்கினால் அந்த அலைச்சல் இருக்காது. நான்கு நாள் பயிற்சி முடிவில் நான் 'தகுதி உண்டு' என்று எழுதி, தலைமையகம் சான்றிதழ் கொடுத்தால்தான் ஆசிரியர் வகுப்பெடுக்கலாம்.

பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்று பேர். வங்காளியான ஸ்வபன், தெலுங்குக்காரரான லக்ஷ்மி, தமிழரான யோகேஸ்வரி. முதல் இருவரும் ஜங்லிகாட் வகுப்புக்கு. பெரார்கஞ்சில் குடியிருக்கும் யோகேஸ்வரி அந்த ஊர் வகுப்புக்கு. வயது முப்பத்தைந்து இருக்கும். தனியார் பள்ளியில் பத்து வருடம் ஆங்கிலம் நடத்தியவர். சிரிக்கும்போதும் நம்மை அளந்து பார்க்கிற கண்.

திங்கள், பிற்பகல். பாடம் நடத்துகிறவர்கள் முதலில் தேர்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். வாய்மொழித் தேர்வில் கேட்கும் முதல் கேள்வியையே ஆங்கிலத்தில் கேட்டேன்: உங்கள் ஊர் எது? ஸ்வபன் குல்னா என்றார். லக்ஷ்மி ஸ்ரீகாகுளம் என்றார். யோகேஸ்வரி இலங்கையில் ஹட்டன் என்றார். சரளமான ஆங்கிலம், எனக்கும் சந்தோஷம். அடுத்த கேள்வியைப் போட்டேன். நீங்கள் சிறுவயதில் பார்த்ததற்கும் இப்போதைக்கும் அங்கே என்ன மாறியிருக்கிறது?

மூன்று பேரும் கல்லாகிவிட்டார்கள். கீழே பட்டறையில் ஒரு இன்ஜின் இருமி இருமி நின்றது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, மூன்று பேரில் ஒருவர்கூட அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. குல்னா இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. எல்லோரும் இந்தத் தீவுகளிலேயே பிறந்து, இங்கே படித்து, இங்கே கல்யாணம் செய்தவர்கள். தீவில் ஒருவரையொருவர் எந்த ஊர் என்று கேட்டால் தாத்தாவோ அப்பாவோ கப்பல் ஏறிய ஊரைத்தான் சொல்வார்கள். இங்கே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை ஏன் சொல்வானேன் என்பது கணக்கு. தேர்வு அறையிலும் அதே பழக்கம் வாயில் வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து நொடி மௌனம் விழுந்தால் அங்கே மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். மூன்று பேருமே தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செவ்வாய். மாதிரி விடைக் கட்டைப் பிரித்தேன். முதல் விடையே ஊர் பற்றியதுதான். 'என் ஊர் சென்னை. அது பரபரப்பான மாநகரம். அங்கே மெட்ரோ ரயிலும் பிரம்மாண்டமான வணிக வளாகங்களும் உள்ளன.' தேர்வாளருக்குத் தெரிந்த ஊராக இருந்தால் வம்பில்லை என்பது தலைமையகத்தின் ஞானம். இதை நர்ஸ்கள் மனப்பாடம் செய்ய வேண்டும், ஆசிரியர்கள் ஒப்பிக்க வைக்க வேண்டும். ஸ்வபனும் லக்ஷ்மியும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். யோகேஸ்வரி தாளைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஏற்கெனவே நான் போகாத ஊரு ஒண்ணு இருக்குது மேடம். அது போதும். அதுக்கு மேல மெட்ராஸ் எதுக்கு?"

லக்ஷ்மி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஆனால் நான் போனது நிறுவனத்தின் சம்பளத்தில். விதி இதுதான், வியாழக்கிழமை மாதிரி வகுப்பைச் சென்னையிலிருந்து மேலாளர் கணினியில் பார்ப்பார் என்று மட்டும் சொன்னேன். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடிகாரம் இந்தியாவுடையது, சூரியன் பர்மாப் பக்கத்துடையது. மூன்று பேரும் வீடு சேர அவசரப்பட்டதில் அன்றைய பேச்சு அத்தோடு நின்றது.

புதன், பிற்பகல். மறுநாள் மாதிரி வகுப்பு நடக்கவிருந்த கூடத்தைப் பார்க்க யோகேஸ்வரியோடு பெரார்கஞ்சுக்குப் பேருந்து ஏறினேன். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கும் மேல். புரோத்ராபூரில் காய்கறிக் கூடைகளை இறக்கிவிட்ட பெண்கள் போக, வேலை முடிந்து திரும்புகிறவர்கள் ஏறி நிறைத்துக்கொண்டார்கள். நடத்துநர் இந்தியில் அதட்ட, ஒருத்தி வங்காளத்தில் பதில் சொல்ல, பின்னாலிருந்து மலையாளத்தில் ஒரு சிரிப்பு. யாருக்கும் எதுவும் புரியாமல் இல்லை. பிறகு பாக்குத் தோப்பு, அறுத்து முடித்த வயல், மறுபடியும் பாக்குத் தோப்பு.

போகிற வழியில் யோகேஸ்வரிக்கு யோசனை சொன்னேன். நாளைக்கு அரை மணி நேரம் அந்தத் தாளில் இருப்பதை நடத்திவிடுங்கள், சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம்போல் நடத்துங்கள், எல்லா ஊரிலும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பதினொரு நர்ஸ்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர் தேறாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருவராகச் சென்னையிலிருந்து ஆள் வருவார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பள்ளி வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவர் அவர். எல்லாம் தெரிந்துதான் பேசினார்.

"அப்பா ஹட்டன்ல தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தாரு. கவர்ன்மென்ட் கப்பல்ல ஏத்தி, இந்தியாக்காரன்னு எழுதி, நிக்கோபார்ல கச்சால் தீவுல ரப்பர் வெட்ட விட்டாங்க. நான் கச்சால்ல பொறந்தேன். சுனாமிக்குப் பொறகு இங்க வந்தோம். எங்க ஊரு எதுன்னு ஒவ்வொரு தடவையும் வேற ஆளுங்கதான் எழுதினாங்க மேடம். மத்லப், அதாவது இந்தத் தடவையும் சென்னையில உக்காந்துகிட்டு ஒரு ஆளு எழுதணுமா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தத் தாள் கட்டின் மேல். அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்த என் மேலும்தான். இருந்தாலும் விடாமல், அரை மணி நேரம்தானே என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அந்தப் புள்ளைங்க முன்னாடிதானே நடத்தணும்? நாளைக்கு ஒண்ணு, நாளான்னைக்கு ஒண்ணு சொன்னா என்னைய எப்பிடி நம்புவாங்க?" என்றார்.

வியாழன், பிற்பகல் 3.30. பெரார்கஞ்சில் முருகேசன் வாடகைக்கு எடுத்திருந்த கூடம். நர்ஸ்கள் காலைப் பணி முடித்து நேரே வந்திருந்தார்கள், இரண்டு பேர் சீருடையிலேயே. மடிக்கணினியில் சென்னை மேலாளரின் முகம். யோகேஸ்வரி மாதிரி விடைத் தாளை யாருக்கும் கொடுக்கவில்லை. சுனிதா என்ற பெண்ணை எழுப்பி அதே முதல் கேள்வியைக் கேட்டார். அந்தப் பெண் ராஞ்சி என்று ஆரம்பித்தாள். யோகேஸ்வரி இல்லை என்று தலையை ஆட்டினார். நேற்று ராத்திரி நீ எங்கே தூங்கினாய், அந்த ஊரைச் சொல் என்றார் ஆங்கிலத்தில்.

சுனிதா ஒரு கணம் விழித்தாள். பிறகு பெரார்கஞ்ச் என்றாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. கடைசிப் பேருந்தை விட்டால் மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு வர வேண்டும். சின்ன வயதில் மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்திருக்கிறாள். இப்போது தார்ச்சாலை வந்தாகிவிட்டது, ஆனால் பிரசவ வலி வந்தவளை ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் அதே இரண்டு வளைவில்தான் வண்டி மாட்டிக்கொள்கிறது. ஆங்கிலம் தப்பும் தவறுமாகத்தான் வந்தது. இறந்த காலத்தில் சொல்ல வேண்டியதை நிகழ்காலத்தில் சொன்னாள். ஆனால் மற்ற பத்துப் பேரும் குறுக்கே பேசத் துடித்துக்கொண்டிருந்தார்கள். பேசுவதற்கு விஷயம் இருந்தால் ஆங்கிலம் பின்னாலேயே வரும் என்று பதினொரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

வகுப்பு முடிந்ததும் மேலாளர் போனில் வந்தார். மாதிரி விடை எங்கே என்றார். அந்தப் பெண் பேசியதைக் கேட்டீர்களா என்றேன்.

"கிராமர் மிஸ்டேக்தான் கேட்டேன்."

"நானும் கேட்டேன் சார். ஒன்பது. ஒன்பதையும் திருத்திடலாம். ஒப்பிக்கிறவங்ககிட்ட எதைத் திருத்துறது?"

அவர் குரல் இறங்கியது. இறங்கினால் ஆபத்து என்று எனக்குத் தெரியும். மதிப்பீட்டில் 'தகுதி இல்லை' என்று எழுதச் சொன்னார். நான் 'தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அப்போதே அனுப்பினேன். என் கையெழுத்து எதுவாக இருந்தாலும் சான்றிதழில் விழுவது தலைமையகத்தின் முத்திரைதான், அது விழாது என்றார். அடுத்த மாதம் கொச்சிப் பயிற்சிக்கு வேறு ஆள் போவார் என்றும் சொன்னார். கொச்சியில் மீன் நன்றாக இருக்கும் என்று கேள்வி. பரவாயில்லை.

முருகேசனைக் குறை சொல்ல முடியாது. "கம்பெனி பேரு இல்லாம இந்த ஹால்ல நடத்த எனக்குத் தைரியம் இல்லை மேடம்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நிறுவனம் ஜங்லிகாட் உரிமையையும் பிடுங்கிவிட்டால் அவர் கதி என்ன? யோகேஸ்வரியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். சான்றிதழ் வராது, கூடமும் இல்லை. அவருக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. பிறகு உள்ளே போய் நர்ஸ்களிடம் நடந்ததை அப்படியே இந்தியில் சொன்னார். வேண்டுமென்கிறவர்கள் நாளைக் காலை பணிக்குப் போகும் முன், ஐந்தே காலுக்குத் தன் வீட்டுக்குப் பின்னால் பாக்கு உலர்த்தும் களத்துக்கு வரலாம், வேண்டாமென்கிறவர்கள் சென்னையிலிருந்து வருகிறவரிடம் படிக்கலாம், தனக்கு வருத்தமில்லை என்றார். வருத்தமில்லை என்பது மட்டும் பொய்.

வெள்ளி. என் விமானம் பதினொன்று நாற்பதுக்கு. இருந்தும் வாடகைக் கார் பிடித்து விடிவதற்கு முன்பே பெரார்கஞ்சுக்குப் போனேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய், என் சொந்தக் காசு. ஐந்து மணிக்கே வெளுக்கத் தொடங்கிவிட்டது. தகரக் கூரை போட்ட சிமெண்ட் களம், ஓரத்தில் ஒதுக்கிய பாக்குக் குவியல், பாய் விரித்த தரை. ஐந்தே காலுக்கு யாரும் இல்லை. யோகேஸ்வரி பாயைச் சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார். ஐந்தரைக்குள் ஏழு பேர் வந்துவிட்டார்கள். சுனிதா ஒரு பிளாஸ்கில் டீயும் கொண்டுவந்திருந்தாள். நாலு பேர் வரவில்லை. அவர்கள் பயமும் எனக்குப் புரிகிறது, வெளிநாட்டு வேலை விளையாட்டில்லை.

நான் தேர்வாளராக உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டேன். யோகேஸ்வரி பிழைகளைத் திருத்தினார். ஒன்றைக்கூட விடவில்லை, சுனிதாவின் நிகழ்காலங்களை எல்லாம் இறந்த காலத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார். யாராவது என் ஊரைக் கேட்டால் யோசிக்காமல் திருச்சி என்று சொல்லிவிடுகிறேன். யாரும் அதைத் திருத்தியதில்லை, மாற்றி எழுதியதுமில்லை. எவ்வளவு சொகுசான பதில் அது என்று அந்தக் களத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

ஆறு நாற்பதுக்கு என் போன் அடித்தது. மேலாளர். முருகேசன் மூலமாகச் செய்தி போயிருக்க வேண்டும். களத்தின் ஓரத்துக்குப் போய் எடுத்தேன். பின்னால் ஏழு குரல்கள் ஆங்கிலத்தில் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன, அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"அங்க கிளாஸ் நடத்த அந்தம்மாவுக்கு யார் பெர்மிஷன் கொடுத்தது?" என்றார்.

நான் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம், கம்பீரமாகவும் இருக்கும். ஆனால் அது உண்மையில்லை.

"அவங்க யாரையும் கேட்கலை சார்" என்றேன்.