உயிரோடிருந்த சம்பந்திக்கு ஓர் அஞ்சலி

எங்கள் ஊர்க்காரர் எந்த நாட்டில் கிடந்தாலும் முகநூலில் ஒரே குழுவாகக் கூடியிருக்கிறோம். அதன் பொறுப்பாளன் நான். ‘வாசித்துவிட்டு எழுதவும், சொந்தப் பெயரில் எழுதவும்’ என்று விதி போட்டவனும் நானே. கள்ளப் பெயரில் வருகிறவர்களைக் கலைத்து வெளியேற்றுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் கெப்பரும் இருந்தது.

அன்று காலை தேத்தண்ணியோடு குழுவைத் திறந்தேன். கனடாவிலிருந்து ஒருவருடைய படம். கழுத்தில் மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே நீளமான எழுத்து. எங்கள் குழுவில் வயதானவர் படம் வந்தால் பெரும்பாலும் ஒரே செய்திதான். ‘ஆழ்ந்த அனுதாபங்கள். ஆத்மா சாந்தியடையட்டும்’ என்று போட்டுவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் விடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் எனக்குக் கீழே லண்டனும் சுவிஸும் அழுதுகொண்டிருந்தன. பொறுப்பாளரே சொன்னபின் யார் வாசிக்கப் போகிறார்கள்? ஒருவர் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு எப்போது என்றுகூடக் கேட்டிருந்தார். அப்போதுதான் மேலே இருந்ததை வாசித்தேன். அறுபதாவது பிறந்தநாள். பெயரையும் வாசித்தேன். இவருடைய மகனுக்குத்தான் என் மகளைப் பேசியிருந்தோம். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்திருந்தேனே தவிர, சின்ன வயதில் ஊரை விட்டுப்போன தகப்பனின் முகம் எனக்குத் தெரியாது.

எழுதியதை அழிக்கவும் வழியில்லை, யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆரோ என்ரை கணக்கைக் களவெடுத்திட்டினம் எண்டு போடட்டே?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“களவெடுத்தவன் அழுதிட்டுப் போகவோ வந்தவன்?”

“அப்ப வேறை பேரிலை வந்து எனக்காக நாலு சொல்லு…”

“உவங்களைத்தானே நீங்கள் கலைக்கிறனீங்கள்!”

மகள் வந்து திரையைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருந்தாலே நன்றாயிருந்திருக்கும்.

குழுவில் எழுதினேன்: ‘பிழை என்னுடையது. வாசிக்காமல் எழுதிவிட்டேன். ஐயா சுகமாக இருக்கிறார். சிரிப்பதென்றால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள், அவரை விடுங்கள்.’

சற்று நேரத்தில் கைபேசி அடித்தது.

“தம்பி, நான்தான். செத்த ஆள்.”

“அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ…”

“பரவாயில்லை. ஒளியாமல் சொந்தப் பேரிலை எழுதினீர்.”

“பிள்ளையளின்ரை விசயம்…”

மறுமுனையில் இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

“எனக்கொண்டும் இல்லைத் தம்பி. என்ரை மனுசிதான் உதைப் பார்த்த நேரம் துவக்கம் அழுதுகொண்டிருக்கிறா. அவவோடை கதையும். இந்தா, குடுக்கிறன்.”

கதவு திறந்த சத்தம் கேட்டது. மகள் வந்து என் முகத்தையே பார்த்தாள். கைபேசியில் வளையல் சத்தம். நான் எழுந்து நின்றேன்.