சத்தத்தைக் குறை, குணா

ஹமீது எதையும் சுருக்கமாகச் சொல்கிற ஆளே இல்லை. அவனிடமிருந்து ஒருநாள் இரண்டே வரியில் மெசேஜ் வந்தது. ‘சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க. ஸ்டேடியம் வீடியோ போடுறேன்.’

ஹமீது, மாலதி, குணா, நான் — நால்வரும் ஒரு ராக் பேண்டின் ரசிகர்கள். டிக்கெட் வரிசையில் நின்று நண்பர்களானவர்கள். இப்போது எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. பேண்ட் கலைந்தே பல வருடமாகிறது.

ஹமீது சொன்ன வீடியோ, அவர்களுடைய கடைசி டூரில் சிங்கப்பூர் ஸ்டேடியத்தில் நாங்கள் நேரில் பார்த்த ஷோ. அந்த டூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு மாடி உயரத்துக்கு ஒரு மேடை, அதுவும் சுற்றுகிற மேடை. அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார்கள்! சிங்கப்பூருக்கு அடுத்த ஊர்களில் ஒவ்வொரு ஷோவாக ரத்தானது. பாடகருக்கும் கிட்டார்காரருக்கும் பேச்சு நின்றது. பிறகு பேண்டே இல்லை. அகலக்கால் வைத்துவிட்டார்கள் என்று எழுதாத பத்திரிகை இல்லை. நாங்கள்? இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

ஜாலான் புசாரில்தான் ஹமீதின் வீடு. அவன் மனைவி நூர்ஜஹான் டீயும் வடையும் வைத்தார். வீடியோ ஓட ஆரம்பித்ததும் எங்கள் வாய்களும் திறந்துகொண்டன.

“டேய், அந்த மழை! மாலதி ஷூவைக் கையில தூக்கிட்டு ஆடினா, ஞாபகம் இருக்கா?” என்றான் குணா.

“நானா? எம்ஆர்டி ரயில் கூட்டத்துக்குப் பயந்து காலாங் ஸ்டேடியத்துல இருந்து எங்கள நடக்க வெச்சது யாரு? ரெண்டு கால்லயும் கொப்புளம் லா!”

கவனித்திருக்கிறீர்களா? பழைய கச்சேரியைப் பற்றி ரசிகர்கள் கூடிப் பேசினால், பாட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மழை, வரிசை, பசி, கொப்புளம்... இவைதான் பேச்சு.

ஹமீது மட்டும் பேசவில்லை. எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை உயர்த்தினான்.

“கொஞ்சம் இருங்க லா...”

சட்டென்று நிறுத்தினோம். பாவம், அவனுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. கேட்கவிடாமல் கத்துகிறோமே! குணா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

ஹமீதின் முகம் சுருங்கியது. “கூட்டாத! சத்தத்தைக் குறை, குணா. மியூட் பண்ணிடு.”

டிவியில் பாடகர் வாயை மட்டும் அசைத்தார்.

“இடது காது முழுசா போயிருச்சு. வலதும் போய்க்கிட்டு இருக்கு. காதுல மெஷின் வெச்சுப் பார்த்தாச்சு. டாக்டர் இனி கஷ்டம்னு சொல்லிட்டார்.”

“ஏன் பாய், முன்னாடியே சொல்லல?” என்றாள் மாலதி.

“சொன்னா, நீங்க எங்கிட்ட ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா பேச ஆரம்பிச்சிருவீங்க. எனக்கு அது வேணாம்.”

“அப்ப... பாட்டு?” என்றான் குணா.

“பாட்டு போயி ரொம்ப நாளாச்சு. தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருக்கு. அது ஓடினா நீங்க பேசுறதும் விளங்க மாட்டேங்குது. நான் பாட்டுக்காகவா உங்களக் கூப்பிட்டேன்? ஒருத்தர ஒருத்தர் பேசவிடாம கத்துவீங்களே... அத நல்லா கேட்டுக்கணும். பேசுங்க.”

பேசுங்க என்று சொன்னால் பேச்சு வந்துவிடுமா? இத்தனை வருடம் ஓயாமல் வாயடித்த மூன்று பேர், வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நூர்ஜஹான் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் குணாதான் தொண்டையைச் செருமினான். “நான் ஒண்ணும் நடக்க வெக்கல. மாலதிதான் பரோட்டா வேணும்னு அழுதா.”

“பொய்!” என்றாள் மாலதி. குரல் பாதியில் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. “பச்சைப் பொய் லா!” என்று கத்தினாள். நானும் கத்தினேன். ஹமீது வலது காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

இப்போது பெரும்பாலான சனிக்கிழமைகளில் போகிறோம். டிவி போடுவதில்லை. அவனுக்காக மெதுவாகப் பேசுவதும் இல்லை. நாங்கள் சிரிக்கும்போது ஹமீதும் சிரிக்கிறான்.

கேட்டுத்தான் சிரிக்கிறானா என்று நாங்கள் கேட்பதில்லை.