பூவலாமின் தொலைபேசி எண்

மருந்துக்கடை வேலைக்கான நேர்காணலில் கடை முதலாளி வஸீலா கேட்டவற்றில் நுவாராவைத் தடுமாற வைத்தது ஒரே ஒரு கேள்விதான்.

"பத்தொம்பது வருஷம் ஒரே மருந்துக்கடையில இருந்திருக்கீங்க. அப்புறம் ஏன் விட்டீங்க?"

"அம்மாவுக்கு முடியாமப் போச்சு மேடம். பாத்துக்க வேற ஆள் இல்ல."

நுவாராவின் அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. செத்தவளை மறுபடி நோயாளியாக்கிவிட்டோமே என்று அவளுக்கு உடம்பே கூசியது. வஸீலா தலையசைத்துவிட்டு, பழைய முதலாளியின் தொலைபேசி எண்ணைக் கேட்டாள். பொய் எண் எழுதத் துணிவு வரவில்லை. பூவலாமின் எண்ணை ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள்.

"வியாழனுக்குள்ள கூப்பிட்டுச் சொல்றேன்" என்றாள் வஸீலா. அது ஞாயிற்றுக்கிழமை. செத்தீஃப் நகரத்துத் தெருக்களில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. டிராமில் உட்கார இடம் இருந்தும் நுவாரா நின்றுகொண்டே வீடு திரும்பினாள்.

நடந்தது இதுதான். நான்கு மாதத்துக்கு முன் கடையில் கூட்டம் நெரித்த ஒரு மாலையில், மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு எழுதியிருந்த இருமல் மருந்துக்குப் பதிலாகப் பெரியவர்களுக்கான பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இரண்டு பெட்டியும் ஒரே நீலம். மறுநாள் முழுக்கக் குழந்தை கண் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டது. பூவலாம் கத்தவில்லை. "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அவருடைய கோபம் பொறுக்காமல் தானே வேலையை விட்டதாக நுவாரா வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

திங்கட்கிழமை முழுக்கத் தொலைபேசி அவள் மேலங்கிப் பையிலேயே இருந்தது. சோர்பா சூப் கொதித்து அடுப்பில் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"கோழி அடைகாக்குற மாதிரில்ல அதை வச்சிருக்கே" என்றான் கணவன் லக்தர். டாக்சி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. "குஞ்சு பொரிச்சா எனக்கும் ஒண்ணு குடு."

அந்த நேரம் பார்த்து அது அலறியது. நுவாரா பாய்ந்து எடுத்தாள். நாத்தனார் ஹத்தா, ரவை இருக்கிறதா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தாள்.

"ஏன் மதனி, ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. மாடிப்படி ஏறினேன்."

செவ்வாய்க்கிழமை அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, வஸீலாவின் கடைக்கு எதிர்ப்புறம் போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் வஸீலா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். எதையோ கேட்டு முகம் சுருங்கியது, ஏதோ குறித்துக்கொண்டாள். பூவலாம்தான். சந்தேகமே இல்லை. காய்கறிப் பை காலியாகவே வீடு வந்தது.

வஸீலா கண்டுபிடித்துவிடுவாள் என்பது பாதிப் பயம்தான். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது மீதிப் பாதி வந்தது. அவள் கூப்பிட்டு, நாளைக்கே வாங்க என்று சொல்லிவிட்டால்? மறுபடி மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரு தாய் சீட்டை நீட்டுவாள். இந்தக் கைதான் அலமாரிக்கு நீள வேண்டும். நுவாரா தன் கையைப் பார்த்தாள். மாவு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்த லக்தரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"நாலு மாசமா இதையா வயித்துக்குள்ள வச்சிட்டிருந்தே?"

"உனக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பியோன்னு..."

"குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா ஓடியாடுதாம். விசாரிச்சேன்."

"அப்ப வாய மூடிட்டு இரு. அந்தாளு சொன்னா சொல்லட்டும். நீயா போய்த் தலையக் குடுக்காதே."

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் பயம் அடங்கவில்லை. வியாழன் காலை, கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த வஸீலா திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, நானே சாயங்காலம் கூப்பிடறதா இருந்தேனே?"

"மேடம், எங்கம்மா செத்து ஆறு வருஷமாச்சு" என்று தொடங்கி, நீலப் பெட்டி, குழந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் குளிரில் நின்றபடியே நுவாரா சொல்லி முடித்தாள்.

வஸீலா ஷட்டரை முழுக்கத் தூக்கி நிறுத்தினாள்.

"நான் அவருக்கு இன்னும் போனே போடல" என்றாள். "உங்களுக்கு வேலை தரலாம்னுதான் இருந்தேன். இப்ப யோசிக்கணும். நீங்க போங்க."

அவ்வளவுதான். கைக்கு வந்ததைத் தானே தட்டிவிட்டு வந்தாயிற்று. லக்தர் திட்டவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அழைப்பு இல்லை. சனிக்கிழமையும் அழைப்பு வரவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தது.

"பூவலாம்கிட்டப் பேசினேன்" என்றாள் வஸீலா. "நீங்க சொன்னதையேதான் சொன்னார். நாளைக்கு வாங்க. மூணு மாசம் பின்கட்டுல சரக்கு பிரிச்சு அடுக்குங்க. முன்னால நிக்கறதப் பத்தி அப்புறம் பாக்கலாம். சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

"இன்னொரு தடவ பொய் சொன்னீங்கன்னா அன்னிக்கே வீடுதான்."

"சொல்ல மாட்டேன்."

லக்தருக்குக் கூப்பிட்டாள். அவன் வண்டியில் யாரோ பயணியோடு வாயடித்துக்கொண்டிருந்தான்.

"கெடச்சிருச்சா?"

"பின்கட்டு வேலை. நாளைலேருந்து."

"குரல் ஏன் இப்படி நடுங்குது? சந்தோஷமா?"

"பயமா இருக்கு லக்தர்."

"சரி, நாளைக்கு நானே கொண்டுபோய் விடறேன்" என்றான் அவன். "வாசல் வரைக்கும்."