சற்குணம் அண்ணனின் மைக்

இன்று காலை குளுவாங் மார்க்கெட்டில், மீன் கடை முன்னால், சற்குணம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் பஜனைக் குழுவில் பின்பாட்டுப் பாடியவர். இப்போது பேசினாலே காற்றுதான் வருகிறது.

"தம்பி, கோவிட் எம்சிஓ டைம்ல, எல்லாரும் வீட்டுல அடைஞ்சி கிடந்தப்ப, வெள்ளிக்கிழமை சூம்ல பஜனை செஞ்சோமே, அந்த ரெக்கார்டிங்லாம் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு அண்ணே. ஏன்?"

"அடுத்த வாரம் தொண்டையில ஆப்பரேஷன் லா. குரல் சுத்தமா போயிருமாம். பேத்தி கேக்குறதுக்கு என் பாட்டு ஒண்ணாச்சும் இருக்கணும். அப்பதான் நான் நல்லா பாடுனேன். எல்லாரும் கை தட்டுனீங்களே!"

"கண்டிப்பா அனுப்புறேன் அண்ணே" என்றேன்.

எதை அனுப்புவது?

அவர் வீட்டு லைன் மோசம். நான் ஆர்மோனியத்தில் அடுத்த வரிக்குப் போனபிறகுதான் அவர் குரல் வந்து சேரும், அதுவும் சுருதி விலகி. சூமை நடத்தியவன் நான். அதனால் ஒவ்வொரு வாரமும் பாட்டு தொடங்கும் முன்பே அவர் மைக்கை அணைத்துவிடுவேன். திரையில் சிவப்புக் குறி விழும். அவர் கண்ணை மூடிப் பாடுகிறவர், பார்க்கவே மாட்டார்.

சற்றுமுன் எல்லா வீடியோவையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் இருக்கிறார். வாய் திறந்திருக்கிறது, கை தாளம் போடுகிறது. சத்தம் மட்டும் நம்முடையது.

குழுவில் யாரிடமாவது அவர் குரல் இருந்தால் அனுப்புங்கள்.

இருக்காது என்று தெரியும். "அவர மியூட் பண்ணுங்க லா" என்று வாராவாரம் எனக்கு மெசேஜ் போட்டவர்கள் நீங்கள்தானே.