சொடக்கு எடுத்த தோள்

தன் கைகளைப் பற்றி மாமாவுக்கு இருந்த கர்வத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். அக்காவின் கணவர் அவர், சலூன் வைத்திருக்கிறார். முடி வெட்டியதும் தோளைப் பிசைந்து, தலையைத் திருப்பி, கழுத்தில் சொடக்கு எடுப்பார். அதற்காகவே வழுக்கைத் தலையர்கள்கூட வருகிறார்கள் என்று கேலி செய்வேன்.

அந்த வலது கையைத்தான் ஒரு வேன் இடித்துத் தள்ளியது. முறிந்த தோளெலும்பு கூடிவிட்டது, கை மட்டும் மார்புக்கு மேல் எழவில்லை. முடி வெட்டுகிறவருக்கு முழங்கை தோள் உயரத்துக்காவது வர வேண்டும். வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பிசியோதெரபி அம்மா இறுகிப்போன தசைகளை விரல்களால் அழுத்தி இளக்குவார். கை எவ்வளவு தூரம் தானாகப் போகிறதோ அவ்வளவுதான் நகர்த்துவார். வீட்டில் செய்ய அக்காவுக்கும் கற்றுக்கொடுத்தார். கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. மாமாவுக்குத்தான் பொறுமை இல்லை. மசாஜ் விஷயத்தில் அவருக்கே பாடம் எடுப்பதா?

"இது சும்மா தடவிக் குடுக்கிறது. ஒரு சொடக்கு எடுத்தா பட்டுனு விட்டுரும்" என்றார்.

"இழுக்கவே கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்களே" என்றாள் அக்கா.

"எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? சொல்ற மாதிரி இழு."

கடை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எங்கே பிடிப்பது, எப்படித் திருப்புவது என்று அவரே சொல்லிக்கொடுத்தார். அக்கா இழுத்தாள். சத்தம் கேட்டது. "பாத்தியா!" என்றார் மாமா. அடுத்த நொடி முகம் வெளுத்துவிட்டது.

தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தாலும் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு மாமாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் அழுகைதான் வந்தது.

மறுபடியும் பிசியோதெரபி அம்மாவிடமே போனோம். அவர் தோளை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"நான் திரும்ப கத்தரி பிடிப்பேனாம்மா?" என்று கேட்டார் மாமா.

"சட்டையை நீங்களே போட்டுக்கலாம். அந்த அளவுக்குக் கொண்டுவந்துடலாம்."

அக்கா சட்டென்று அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டையை நான் போட்டுவிடுறேம்மா. காலம் பூரா போட்டுவிடுறேன். அவர் கத்தரி பிடிக்கிறதுக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க."

அந்த அம்மா மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டார். மாமாவின் தோளைப் பிசைய ஆரம்பித்தார்.