கோரைக் கிழங்கு

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். அக்காவுக்கு வேறு ஆள் இல்லாததால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். பெண்ணுறுப்பின் ஓரத்தில் இருந்த கறுப்புப் புள்ளியை, நடவு வயலில் அட்டை கடித்த தழும்பு என்று நினைத்து அவள் ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ரத்தம் கசிந்த பிறகுதான் காட்டினாள். மெலனோமா என்றார்கள். தோலில் வரும் புற்று, அங்கேயும் வருமாம்.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். அந்தப் புள்ளியையும் சுற்றியுள்ள நல்ல தோலில் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டு, தொடையிடுக்கில் புற்று முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியை மட்டும் சோதிக்கலாம். இல்லையென்றால் வெளியுறுப்பு முழுவதையும், இரண்டு பக்க நெறிக்கட்டிகளையும் எடுக்கலாம்.

“முழுசா எடுத்துடுங்க டாக்டர்,” என்றேன். “கோரையைக் கிழங்கோட எடுக்கலேன்னா திரும்ப முளைக்கும்.”

“வெட்டின ஓரத்துல புற்று இல்லாம சுத்தமா வந்தா சின்ன ஆபரேஷனே போதுங்க. பெரிசா வெட்டினா ஆயுசு கூடும்னு இல்லை. நெறிக்கட்டியெல்லாம் எடுத்தா கால் வேற வீங்கும், சேத்துல நிக்க முடியாது.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “கோரை முளைச்சா வயலையேவாடா வெட்டி எறியறோம்? நீ என்னிக்குக் களை எடுத்தே?”

சின்ன ஆபரேஷனுக்கு அவளே கையெழுத்துப் போட்டாள்.

ஓரம் சுத்தம், நெறிக்கட்டியிலும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இனி வராது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா புடவையைச் சற்றுத் தூக்கிக் கணுக்காலைப் பார்த்துக்கொண்டாள். வீக்கம் இல்லை.