ஸ்கண்டிநேவியாவில் நாங்கள் பார்த்த இடங்கள்

பத்து வயதில் எனக்குச் செய்யப்பட்ட ஓர் அநியாயத்தைச் சொல்லப்போகிறேன். இப்போது நான் கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் வீடும் இரண்டு பிள்ளைகளும் ஓரளவு பொறுமையும் உள்ளவள். ஆனாலும் அந்தக் கோடை விடுமுறையை நினைத்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நாங்கள் மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கனடாவுக்கு வந்தபிறகு முதன்முதலாக விமானம் ஏறப்போகிறோம், ஸ்கண்டிநேவியா முழுக்கச் சுற்றப்போகிறோம் என்று அப்பாவும் அம்மாவும் அறிவித்தார்கள். நான் விடுவேனா? நூலகத்தில் ஒரு தடித்த பயணப் புத்தகத்தை எடுத்து, பார்க்கவேண்டிய இடங்களை ஒரு கொப்பியில் எழுதினேன். கொப்பன்ஹேகனில் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னி. ஸ்டொக்ஹோமில் கடலடியிலிருந்து தூக்கி நிறுத்திய பழைய போர்க்கப்பல். அங்கிருந்து கப்பலேறினால் எஸ்தோனியாவில் தலின் நகரத்துக் கோட்டைமதில். எல்லாவற்றுக்கும் மேலாக நோர்வேயின் பியோர்ட். செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் நாக்கை நீட்டியதுபோல் உள்ளே போகுமாம், உச்சியிலிருந்து அருவி நேராகக் கடலில் விழுமாம். வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். பார்க்காமல் திரும்பினால் செப்டெம்பரில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அம்மாவிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் இருந்ததெல்லாம் செத்துப்போனவர்கள்.

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம். ஒரு வீட்டுச் சாவுக்குப் போகமுடியாமல் போனால், எத்தனை வருடம் கழிந்தாலும் அந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கவேண்டும். அதற்குமுன் அந்த ஊரில் வேடிக்கை பார்த்துத் திரிவது மரியாதையில்லை. அகதி வழக்கு முடிந்து கடவுச்சீட்டு வரும்வரை அப்பா அம்மாவால் கனடாவை விட்டு அசையமுடியவில்லை. அந்த வருடங்களில் டென்மார்க், சுவீடன், நோர்வே என்று சிதறிக் கிடந்த சொந்தங்களில் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஆகவே ஐந்து வீடு. இதை எனக்கு யாராவது விமானம் ஏறமுன் சொன்னார்களா? இல்லை!

கொப்பன்ஹேகனில் பெரியம்மா முறையான ஒருவர் கதவைத் திறந்தார். அடுத்த கணம் அவரும் அம்மாவும் கட்டிப்பிடித்துக் குழறத் தொடங்கினார்கள். சுவரில் மாலை போட்ட பெரியப்பாவின் படம், அதன்முன் சின்ன மின்விளக்கு. பத்து நிமிடத்தில் அழுகை அடங்கியது. தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. கனடாவில், பிக்கரிங்கில் யார் வீடு வாங்கினார்கள் என்ற கதை வந்தது. நான் அப்பாவின் காதுக்குள், "கடற்கன்னி எப்பப்பா?" என்றேன்.

"செத்தவீட்டுக்கு வந்திட்டு உனக்குக் கடற்கன்னி கேக்குதோ?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

செத்து ஆறு வருடம்! எனக்கு விசர் பிடித்தது. ஆனாலும் புறப்படும்போது நல்ல பிள்ளையாக, "போட்டு வாறம் பெரியம்மா" என்றேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றியிருந்தது. துக்கவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாதாம், பேசாமல் எழும்பி நடக்கவேண்டுமாம். எங்கே போனாலும் சொல்லிப்போட்டு வா, சொல்லிப்போட்டு வா என்று என்னைப் பழக்கியது யார்? இதே அம்மாதான்.

ஸ்டொக்ஹோமில் இரண்டு வீடு. போர்க்கப்பல் இருக்கும் திசையில் சொந்தக்காரர் ஒருவரின் வானில் போனபோது, "உதுதான், வடிவாப் பார்" என்று அப்பா கையைக் காட்டினார். அது மேசை கதிரை விற்கும் ஒரு தளபாடக் கடை. தலினுக்கு நாங்கள் போகவேயில்லை. அங்கே எங்களுக்குச் செத்த ஆட்கள் இல்லை. ஒஸ்லோவில் ஒரு வீடு, ஒரு படம், அதே ரோல்ஸ்.

கடைசி வீடு பேர்கனில். அது அம்மாவின் தம்பி, என் மாமா வீடு. அங்கே சுவரில் இருந்தவர் அம்மப்பா, அம்மாவைப் பெற்றவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மாமாவிடம் வந்திருந்து அங்கேயே காலமானவர். இங்கே அரைமணி நேரமாவது அழுகை நடக்கும் என்று காத்திருந்தேன். அம்மா அழவேயில்லை. படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினார். நல்லதாய்ப் போயிற்று என்று நான் என் வழக்கை எடுத்தேன்.

"ஒரு இடமும் காட்டேல்லை! எல்லா இடத்திலையும் செத்த ஆக்கள்தான்! பியோர்ட் பாக்காமல் நான் பிளேன் ஏறமாட்டன்!"

அப்பா கையை ஓங்கினார். மாமா மறித்தார்.

"விடுங்கோ அத்தான். நாளைக்குக் கப்பலிலை போவம். அக்காவும் அங்கை வரத்தானே வேணும்."

மாமா ஒருவராவது நியாயம் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

மறுநாள் பியோர்ட் புத்தகத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. தண்ணீர் கரும்பச்சை. அண்ணாந்தால் கழுத்து வலித்தது. ஓர் இடத்தில் மாமா அம்மாவின் தோளைத் தொட்டு, "இந்த இடந்தான் அக்கா" என்றார். நான் அவசரமாக அருவியைத் தேடினேன். ஒன்றையும் காணவில்லை, வெறும் தண்ணீர்தான். அம்மா கைப்பையிலிருந்து ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்தார். பனையோலையால் இழைத்து உள்ளே பனைவெல்லம் நிரப்பிய, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. கப்பலின் தடுப்புக் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அதைத் தண்ணீரில் விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பியோர்டுக்குள் குப்பை! "அம்மா! உதென்ன வேலை? குப்பை போடக்கூடாது!" என்று தமிழில் கத்தினேன். பிறகு கப்பலில் எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலும் கத்தினேன். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓம் பிள்ளை, பிழைதான். இனிப் போடமாட்டன்."

அம்மப்பாவின் சாம்பலை மாமா அனுமதி எடுத்துக் கரைத்த இடம் அது. கடவுச்சீட்டு இல்லாத அம்மா அந்தச் செத்தவீட்டை மல்வேர்னில் இருந்து தொலைபேசியில்தான் கேட்டாராம். அம்மப்பா பனங்கட்டி கடிக்காமல் தேத்தண்ணி குடிக்கமாட்டாராம். இவ்வளவையும் மாமா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகம் முடித்தபிறகு. அன்றைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா? சின்னப்பிள்ளை என்றால் ஒன்றும் சொல்லத் தேவையில்லையா? கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா முதல்தடவையாக என்னிடம் பிழையை ஒப்புக்கொண்டார் என்பதுதான். "சரி, இந்தமுறை மன்னிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அருவி பார்க்கக் கப்பலின் மற்றப் பக்கம் ஓடினேன்.